பந்தியில் இடம் கிடைக்காத வள்ளல்

வாழ்க்கையில் மறக்கவே முடியாத சாப்பாடு எது என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். முதலில் பிரியாணி, அம்மா வைத்த மீன் குழம்பு, தீபாவளிப் பலகாரம் என்று ஒரு பட்டியல் வரும். கொஞ்சம் பொறுத்திருந்தால் பட்டியல் முடிந்து வேறு ஒன்று வெளியே வரும். "அந்தக் கல்யாணத்துல பந்தியில உட்கார்ந்த பிறகு எழுப்பி விட்டுட்டாங்க" என்பார் ஒருவர். "கடைசிப் பந்தியில ரசம்தான் மிச்சம் இருந்தது, ஆனா மாமா பக்கத்துல உட்கார்ந்து பரிமாறச் சொன்னார்" என்பார் இன்னொருவர். இருபது வருடம் கழித்தும் நினைவில் நிற்பது சாப்பாட்டின் ருசி அல்ல. எந்த இடத்தில் உட்கார வைத்தார்கள் என்பதுதான்.

இப்படி ஓர் இடப் பிரச்சனையால் நூற்றாண்டுகளைத் தாண்டி நினைவில் நிற்கும் விருந்து ஒன்று தமிழில் உண்டு. அதன் நாயகர் திருவெண்ணெய்நல்லூர்க்காரர்.

விழுப்புரம் மாவட்டத்தில், தென்பெண்ணை ஆற்றின் தென்கரைப் பக்கம் இருக்கிறது திருவெண்ணெய்நல்லூர். சின்ன ஊர்தான், ஆனால் தமிழ் இலக்கியத்தில் பெரிய இடம். சுந்தரரின் கல்யாணம் புத்தூரில் நடக்க இருந்த நேரத்தில் ஒரு கிழவர் ஓலையோடு வந்து, "இவன் எனக்கு அடிமை" என்று வழக்குப் போட்டார் அல்லவா? அந்த வழக்கு விசாரிக்கப்பட்டதும், தீர்ப்பு கிழவர் பக்கம் வந்ததும் இந்த ஊர் அவையில்தான் என்கிறது பெரியபுராணம். கல்யாணம் நின்றுபோன ஊருக்கு மணம் தவிர்ந்த புத்தூர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞான போதத்தை 13ஆம் நூற்றாண்டில் எழுதிய மெய்கண்டாரும் இந்த ஊரோடு சேர்த்துப் பேசப்படுபவர்.

மூன்றாவதாக இந்த ஊருக்குப் பெருமை சேர்ப்பவர் சடையப்ப வள்ளல். அரசர் அல்ல, புலவரும் அல்ல. நிலபுலன் உள்ள வேளாளர். கம்பரைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டு, இராமாயணம் பாடுவதற்கு வழி செய்தவர் என்று தமிழகம் முழுக்கக் கதை சொல்லும். பஞ்ச காலத்தில் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார் என்றும் சொல்வார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் கம்பருடைய ஸ்பான்சர்!

சரி, விருந்துக்கு வருவோம்.

கம்பர் வீட்டில் ஒரு விசேஷம். கல்யாணம் என்று சிலர் சொல்வார்கள், புதுமனை புகுவிழா என்று சிலர் சொல்வார்கள். கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். நாலாபக்கத்திலிருந்தும் புலவர்களும் பெரிய மனிதர்களும் வந்துவிட்டார்கள். வீடு கொள்ளாத கூட்டம். இலை போட்டாகிவிட்டது, பந்தி உட்கார்ந்தாகிவிட்டது. அப்போதுதான் சடையப்பர் தாமதமாக வந்து சேர்கிறார். அவர் செலவில் வாழும் வீடு, அவர் நெல்லில் வெந்த சோறு. ஆனால் அவருக்கு உட்கார இடமில்லை!

வேறு யாராவது இருந்தால் என்ன செய்திருப்பார்? "யார் வீட்டுப் பந்தி இது தெரியுமா?" என்று ஒரு சத்தம் போட்டிருப்பார். சடையப்பர் போடவில்லை. உட்கார்ந்தவர்களை எழுப்பவும் விடவில்லை. உள்ளே போய், கழிவு நீர் ஓடும் அங்கணத்துக்குப் பக்கத்தில், யாரும் உட்கார விரும்பாத ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டார்.

பார்த்தவர்களுக்குப் பதைத்துவிட்டது. கம்பரிடம் ஓடிப்போய், "உமக்குச் சோறு போட்ட மனிதர் அங்கணத்தோரம் இருக்கிறார், நீர் கவனிக்கவில்லையா?" என்று கேட்டார்கள். கம்பர் பதறவில்லை. அவரை வைக்க வேண்டிய இடத்தில் வைக்கிறேன் என்று மட்டும் சொன்னாராம்.

அந்த இடம் எது என்பது இராமாயணத்தின் கடைசியில் தெரிகிறது. யுத்த காண்டத்தில் திருமுடி சூட்டு படலம். பதினான்கு வருட வனவாசமும் போரும் முடிந்து இராமனுக்கு அயோத்தியில் பட்டாபிஷேகம். அந்தக் காட்சியில் கம்பர் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் கொடுக்கிறார். அரியணையை அனுமன் தாங்குகிறான். உடைவாளை அங்கதன் ஏந்துகிறான். வெண்குடையைப் பரதன் பிடிக்கிறான். தம்பிகள் இருவர் சாமரம் வீசுகிறார்கள். முடியைச் சூட்டுவது வசிட்டன். அந்த முடியை எடுத்து வசிட்டன் கையில் கொடுப்பது யார்? வெண்ணெயூர்ச் சடையனின் குலத்து முன்னோர்கள்!

வால்மீகியிடம் இது கிடையாது, இருக்கவும் முடியாது. தமிழ்நாட்டு வேளாளர் ஒருவரின் பாட்டன் முப்பாட்டன்களைத் திரேதா யுகத்து அயோத்திக்கே கூட்டிக்கொண்டு போய், அனுமனும் பரதனும் நிற்கும் வரிசையில் நிறுத்திவிட்டார் கம்பர். அங்கணத்தோரத்திலிருந்து அரியணையோரத்துக்கு! இதைவிடப் பெரிய இடமாற்றம் தமிழில் உண்டா என்ன?

கம்பர் இந்தக் கடனை ஒரே தவணையில் அடைக்கவில்லை என்பதும் சுவாரஸ்யம். நூறு பாட்டுக்கு ஒரு பாட்டு வீதம் சடையப்பரைப் புகழ்ந்து வைத்திருந்தாராம். திருவரங்கத்தில் அரங்கேற்றம் நடந்தபோது, தெய்வக் கதையில் மனிதரை இத்தனை தரம் புகழலாமா என்று எதிர்ப்பு வந்தது. ஆயிரம் பாட்டுக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டார். குறைக்கும்போதும் சும்மா விடவில்லை. நான் அவரை நூற்றில் ஒருவராக வைத்தேன், நீங்கள் ஆயிரத்தில் ஒருவராக ஆக்கிவிட்டீர்கள் என்றாராம். கம்பராமாயணத்தில் பாடல்கள் பத்தாயிரத்துக்கும் மேல். சடையன் பேச்சு வரும் இடங்கள் ஏறத்தாழ பத்து. கணக்கு ஓரளவு சரியாகவே வருகிறது. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கதை பிறந்ததா, கதைப்படித்தான் கணக்கு நடந்ததா என்பது வேறு விஷயம்.

இங்கே வரலாற்று மாணவர் யாராவது கையைத் தூக்குவார். "இதெல்லாம் நடந்ததா?"

நியாயமான கேள்வி. கம்பரின் காலமே இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டு என்று சொல்பவர்களும் உண்டு, 12ஆம் நூற்றாண்டு என்பவர்களும் உண்டு. 12ஆம் நூற்றாண்டுக்குத்தான் ஆதரவு அதிகம். பாட்டில் வரும் வெண்ணெய்நல்லூர் பெண்ணையாற்றங்கரை ஊர்தானா, கம்பர் பிறந்த தேரழுந்தூர் இருக்கும் சோழநாட்டுப் பக்கம் உள்ள வேறு ஊரா என்பதிலும் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. விருந்துக் கதைக்குக் கல்வெட்டோ செப்பேடோ கிடையாது. அது செவிவழிக் கதை.

ஆனால் நூலுக்குள் இருப்பதை யாரும் மறுக்க முடியாது. தன் நூலுக்குக் கம்பர் வைத்த பெயர் இராமாவதாரம். அது உருவான இடம் சடையனின் வெண்ணெய்நல்லூர் என்று பாயிரத்திலேயே அவர் பதிவு செய்திருக்கிறார். முதலில் சடையன், முடிவில் சடையன் குலம், நடுவிலும் சில இடங்களில் சடையன். ஒரு புலவர் தனக்குச் சோறு போட்டவரை மறக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன ஆவணம் வேண்டும்? விருந்து நடந்ததோ இல்லையோ, நன்றி நடந்திருக்கிறது. அந்த நன்றிக்குக் காரணம் தேடிய மக்கள், ஒரு பந்தியைக் காரணமாகக் கண்டுபிடித்தார்கள். போரையோ பொன்முடிப்பையோ சொல்லாமல் பந்தியைச் சொன்னார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பந்தியில் இடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கதை சொன்னவர்களுக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த விருந்தில் என்ன குழம்பு, என்ன பாயசம் என்று கதையில் ஒரு வார்த்தை இல்லை.

இல்லாதது இன்னொன்றும் உண்டு. சடையப்பர் அங்கணத்தோரம் போனது அநியாயம் என்று எல்லோருக்கும் பதைக்கிறது. ஏன்? அது அவருக்குரிய இடம் இல்லை என்பதால். அப்படியானால் அந்த ஓரம் யாருக்குரிய இடம்? அன்றைக்கு எச்சில் இலை எடுத்தவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்? கொல்லைப்புறத்தில் கையேந்தி நின்றவர்கள் யார்? கதை அவர்களைப் பற்றிக் கேட்கவே இல்லை. தவறான இடத்தில் இருந்த ஒரு பெரிய மனிதரைச் சரியான இடத்துக்கு மாற்றியதும் கதை முடிந்துவிடுகிறது. அந்த ஓரம் ஓரமாகவே இருந்தது.

அந்த மீதிக் கேள்வியைக் கேட்க இன்னும் பல நூறு வருடங்கள் ஆயின. ஆச்சரியம் என்னவென்றால், கேட்டவர்களில் இரண்டு பேர் இதே பழைய தென்னார்க்காடு மண்ணோடு தொடர்புடையவர்கள்.

முதலாமவர் வள்ளலார். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசி என்று வந்தால் சாதி, மதம், ஊர், பேர் கேட்காமல் சோறு. அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றுவரை எரிகிறது. வடலூர்ப் பந்தியில் வள்ளலுக்கு என்று தனி இடம் கிடையாது, பிச்சைக்காரருக்கு என்று தனி ஓரமும் கிடையாது. அதுதான் அதன் விசேஷம்.

இரண்டாவது கதையில் கேள்வியைக் கிளப்பியது ஒரு சிறுவன். திருநெல்வேலிப் பக்கம் சேரன்மாதேவியில் 1922ஆம் ஆண்டு வ.வே.சு. ஐயர் ஒரு தமிழ்க் குருகுலம் தொடங்கினார். தேசபக்தியை ஊட்டும் பள்ளி. காங்கிரஸ் பணமும் பொதுமக்கள் நன்கொடையும் அதற்குப் போனது. ஆனால் அங்கே பிராமணச் சிறுவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தனிச் சாப்பாடு. பெற்றோர் கேட்டுக்கொண்டபடி செய்ததாக ஐயர் தரப்பு சொன்னது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் உள்ள ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியாரின் மகனும் அங்கே படித்தான். தனியாக வைத்திருந்த தண்ணீரைக் குடித்ததற்காக அந்தப் பையன் அடிபட்டான் என்றும், அப்பாவிடம் வந்து சொன்னான் என்றும் பெரியார் பிற்காலத்தில் பேசியிருக்கிறார்.

அவ்வளவுதான், மாகாணமே இரண்டுபட்டது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் தனிப் பந்தியா என்று கேட்டார்கள். விவகாரம் காந்தி வரைக்கும் போனது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். சிறையையும் நாடு கடந்த வாழ்க்கையையும் பார்த்த மனிதரின் கடைசி மாதங்கள் ஒரு சாப்பாட்டு அறைத் தகராறில் கழிந்தது சோகம்தான். அதே வருடம் நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். நேரடிக் காரணம் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் என்றாலும், குருகுலத்துப் பந்தி ஆறாத காயமாக உள்ளே இருந்தது. அதன் பிறகு தமிழ்நாட்டு அரசியல் பழைய மாதிரி இல்லை.

அந்தப் பையனின் அப்பா என்ன ஆனார் தெரியுமா? ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார் (அன்றைக்கு முதலமைச்சருக்கு அதுதான் பெயர்). 1949 வரை பதவியில் இருந்தார். ஒதுக்கப்பட்ட மக்கள் கோயிலுக்குள் நுழைய உரிமை தரும் சட்டம் மாகாணம் முழுமைக்கும் 1947இல் வந்தது அவருடைய ஆட்சியில்தான். மகன் பட்ட அடிக்கும் அப்பா காலத்துச் சட்டத்துக்கும் நேர்க்கோடு போட முடியாது. ஆனால் யாரை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி அந்த வீட்டுக்குப் புதிது அல்ல.

அந்தப் பையனும் அன்று என்ன சாப்பிட்டான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சாதம், குழம்பு, மோர் என்று ஏதோ இருந்திருக்கும். நினைவில் நின்றது எல்லாம், "நீ இங்கே வரக் கூடாது" என்ற ஒன்றுதான்.

அங்கணத்தோரம் ஒதுங்கிய சடையப்பருக்கு ஒரு கம்பர் இருந்தார். ஒரு காவியத்தையே எடுத்து வந்து இடம் கொடுத்தார். அந்த ஓரத்தில் காலம் காலமாக நின்றவர்களுக்குக் கம்பர் யாரும் வரவில்லை. அவர்களுக்கு வடலூரில் ஓர் அடுப்பு வந்தது, சேரன்மாதேவியிலிருந்து ஒரு சண்டை வந்தது, பிறகு சட்டங்கள் வந்தன. வேலை இன்னும் முடிந்துவிடவில்லை.

அடுத்த முறை கல்யாண வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்ததும் பாயசம் எப்போது வரும் என்று பார்ப்பதற்கு முன்னால், ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தரம் திரும்பிப் பாருங்கள். அவர்களும் இந்தச் சாப்பாட்டை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். எந்த விதத்தில் மறக்க மாட்டார்கள் என்பது மட்டும் பந்தி நடத்துபவர்கள் கையில் இருக்கிறது.