அரபுத்தமிழின் மூன்று குறிகளும் ஒருங்குறியும்

கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தபோது, பெட்டியிலிருந்து துணியில் சுற்றிய பழைய நூலொன்றை எடுத்து என்னிடம் தந்தனர். மறைந்த பாட்டியார் நாள்தோறும் ஓதி வந்த நூல் அது. "ஹஜ்ரத், இது அரபிதானே? மதரஸாவில் ஓதும் பிள்ளைக்கும் விளங்கவில்லையே" என்றார் வீட்டுக்காரர். முதல் வரியை வாய்விட்டு வாசித்தேன். வீட்டார் அனைவருக்கும் விளங்கிற்று. அது தமிழ், அரபு எழுத்தில் அமைந்த தமிழ்.

அரபுத்தமிழ் அல்லது அர்வி என வழங்கும் இவ்வெழுத்து முறை, தமிழகத்திலும் இலங்கையிலும் வாழ்ந்த நம் முன்னோர்க்கு மார்க்க அறிவின் வாயிலாக இருந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) தம் 'மகானீ', 'பத்ஹுத் தய்யான்' ஆகிய நூல்களை இதிலேயே யாத்தார்கள். அரபியின் 28 எழுத்துகளில் ங, ட, ண, ப, ள, ற, ழ முதலிய தமிழொலிகள் பலவற்றிற்கு இடமில்லை. ஆகவே இருக்கும் எழுத்துகளுக்கே புதிய புள்ளிகளை இட்டு அக்குறையை நிறைவு செய்தனர்.

கல்லச்சுக் காலத்தில் இதனால் இடர் எழவில்லை. எழுதுவோர் மையால் ஒரு புள்ளியை வைத்தால் போதும். அது அப்படியே அச்சாகும். கணினியோ எழுத்தின் வடிவை அறியாது, அதற்குரிய எண்ணையே அறியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் ஏற்பாடே ஒருங்குறி. டகரத்தைக் குறிக்கும், தாலின் கீழ்ப் புள்ளியிட்ட எழுத்து, சிந்தி முதலிய மொழிகளின் தேவையால் அதில் முன்பே இடம்பெற்றிருந்தது. நமக்கே உரிய சில குறிகளுக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை.

2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான ஒருங்குறி எட்டாம் பதிப்பில் அர்விக்காக மூன்று குறிகள் சேர்ந்தன. ஒன்று, ஙகரத்திற்குரிய, கீழே மூன்று புள்ளிகள் கொண்ட அய்ன். பதின்ம எண்ணில் 2227. இரண்டாவது, மெலிந்து ஒலிக்கும் ககரத்திற்குரிய, கீழே ஒரு புள்ளி கொண்ட காஃப், எண் 2228. மூன்றாவது, எழுத்தின் கீழே தலைகீழாக இடப்பெறும் ளம்மா, எண் 2275. அரபியில் அ, இ, உ என்னும் மூன்று குற்றுயிர்களே உள்ளமையால், எகர ஒலிக்கு நம் முன்னோர் கண்ட வழி இது.

புள்ளியொன்றிற்கு இத்துணை முயற்சி வேண்டுமா எனச் சிலர் வினவலாம். புள்ளியில்லாக் காஃபுக்கு எண் 1603. புள்ளியிட்ட காஃபுக்கு மாற்றாக அதனை இட்டால், மூலநூல் வேறுபடுத்திக் காட்டிய ஈரொலிகள் ஒன்றாகிவிடும். பின்னர்த் தேடுவோர்க்கும் அச்சொல் உரிய வடிவில் அகப்படாது. எகரமும் ஒகரமும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்ததும் ஒலி மயங்காமைப் பொருட்டன்றோ!

வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மக்களும் இவ்வழியே நடந்தனர். அவர்களுடைய திஃபினாக் எழுத்து 2005இல் ஒருங்குறியில் ஏறிற்று. எனினும் எகர, ஒகர ஒலிகளுக்குரிய இரண்டு எழுத்துகள் 2012இல்தான் சேர்ந்தன. அரபி எழுத்துக்குள் தமிழையும் பாலைநிலத்துத் திஃபினாக்கையும் ஒரேவகை உயிரொலி காக்க வைத்தமை வியப்பிற்குரியது.

ஆயினும் எண் கிடைத்தமையால் எழுத்து பிழைத்துவிட்டதெனக் கொள்ளலாகாது. அவ்வெண்ணுக்குரிய வடிவம் எழுத்துருவில் இல்லையெனில் திரையில் வெற்றுக் கட்டமே தோன்றும். எழுத்துரு அமைந்தாலும், நூலைப் பார்த்துத் தட்டச்சிடுவோர் வேண்டும். தட்டச்சிட்டதை வாசிப்போரும் வேண்டும். நம் அரபிக் கல்லூரிகளில் வாரம் ஒரு பாடவேளை இதற்கு ஒதுக்கினாலே, அரபியும் தமிழும் அறிந்த மாணவர் விரைவில் வாசிக்கப் பழகிவிடுவர்.

அன்று விடைபெறுமுன், மதரஸாவில் ஓதும் அப்பிள்ளையிடம் காஃபின் கீழிருந்த புள்ளியைச் சுட்டிக் காட்டினேன். "இது அச்சுப்பிழையென நினைத்தேன், ஹஜ்ரத்" என்றான். பாட்டனாரும் பாட்டியாரும் பேணிய எழுத்தைப் பேரன் பிழையெனக் கருதும் நிலையை மாற்றுவது கணினியின் வேலையன்று, நம்முடைய வேலை.