சுல்தானின் விருந்தாளி

1334-இல் டெல்லி வந்த இப்னு பதூதாவை, சுல்தான் முஹம்மது பின் துக்ளக் காழியாக நியமித்து ஆண்டுக்கு 12,000 தீனார் வழங்கினார். அரண்மனை வாயிலில் கொல்லப்பட்டோரின் உடல்கள் கிடப்பதைக் கண்டும் அவர் பணியில் நீடித்தார்.

சுல்தானை அநியாயக்காரர் என்றுரைத்த ஷைகு ஷிஹாபுத்தீன், சொன்னதைத் திரும்பப் பெற மறுத்துக் கொல்லப்பட்டார். ஷைகைச் சந்தித்ததற்காக இப்னு பதூதாவும் காவலில் வைக்கப்பட்டார். ஐந்து நாள் தொடர் நோன்பிருந்தார். விடுதலையானதும் பதவியைத் துறந்து, உடைமைகளை ஏழைகளுக்கு ஈந்தார்.

பின்னாளில் தம் பயண நூலில் சுல்தானின் கொடைகளோடு கொலைகளையும் பதிவு செய்தார்.

கொடுங்கோலர் நாட்டுக்குச் செல்வது மட்டுமே பாவமாகாது. விருந்தின் சுவையில் அங்குள்ளோரின் துயரை மறப்பதே பிழை. கண்டதை மறைக்காமல் உரைப்பது பயணியின் அமானிதம். அல்லாஹ் நமக்கு அத்துணிவைத் தந்தருள்வானாக.