ஓம் என்பது மந்திரம் அல்ல

நல்ல ஹெட்ஃபோன் வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு உபதேசங்கள் தவறாமல் கிடைக்கும். ஒன்று: "இதுக்குத் தனியா ஒரு ஆம்ப் வேணும், இல்லேன்னா வேஸ்ட்." இரண்டு: "வாங்கினதும் கேக்காதே. 200 மணி நேரம் ஓடவிட்டுப் பழக்கு, அப்புறம்தான் நிஜ சத்தம் வரும்." புதுத் தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரி! இரண்டையும் ஒரே ஆள், ஒரே மூச்சில், ஒரே நம்பிக்கையோடு சொல்வார். ஆனால் இரண்டின் பூர்வீகத்தையும் தோண்டிப் பார்த்தால் ஒன்று கணக்கு, இன்னொன்று பெரும்பாலும் நம்பிக்கை. நான் படிப்பது பி.காம்., எலக்ட்ரானிக்ஸ் அல்ல. ஆனாலும் கணக்கு என்று வந்துவிட்டால் சும்மா விட மனசு வருவதில்லை.

ஹெட்ஃபோன் பெட்டியில் 32 ஓம், 300 ஓம், 600 ஓம் என்று ஓர் எண் இருக்குமே, அதிலிருந்து தொடங்குவோம். அது இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அந்த ஹெட்ஃபோன் காட்டும் மறுப்பு. எண் பெரிதாக இருந்தால் ஒலி உயர்ந்தது என்று ஒரு நினைப்பு பலருக்கு உண்டு. உண்மையில் அந்த எண், அந்த ஹெட்ஃபோனின் பரம்பரை எந்த மெஷினில் செருகப்படப் பிறந்தது என்பதைச் சொல்லும் ஜாதகம், அவ்வளவுதான்.

1910-ல் அமெரிக்காவின் யூட்டாவில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் தான் செய்த ஒரு ஜோடி ஹெட்ஃபோனைக் கடற்படைக்கு அனுப்பினார். கூட வந்த கடிதம் ஊதா மையில், கலர் தாளில். கடற்படைக்காரர்கள் அதைக் குப்பையில் போடாமல் சோதித்துப் பார்த்தது அவர்கள் அதிர்ஷ்டம். அதுவரை பயன்படுத்தியவற்றைவிட எவ்வளவோ நன்றாகக் கேட்டது. ஆர்டர் கொடுத்தால், ஒரு தடவைக்குப் பத்துதான் முடியும் என்றார் மனிதர். ஏனென்றால் அவர் அதைச் செய்தது வீட்டுச் சமையலறை மேஜையில், அதுவும் மேஜை காலியாக இருக்கும் நேரத்தில்.

அந்தக் கால வானொலியில் ஆம்ப்ளிஃபயரே கிடையாது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கிறிஸ்டல் ரேடியோவுக்கு பேட்டரிகூட வேண்டாம். ஆன்டெனா பிடித்துத் தரும் துளியூண்டு சக்திதான் மொத்த மூலதனம். அதை வீணாக்காமல் காது வரை கொண்டுவர, மயிரிழைக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றினார்கள். சுற்று கூடினால் ஓம் கூடும். அதனால்தான் அன்றைய ஹெட்ஃபோன்கள் 2000 ஓம், அதற்கு மேலும் இருந்தன. பொருத்தம் பார்ப்பது ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே வந்துவிட்டது என்று சொல்லலாம்.

600 ஓம் வந்த வழி வேறு: டெலிபோன் லைன். தொலைபேசிக் கம்பிகளுக்கு வைத்த அளவு அது. வானொலி நிலையங்களும் ஸ்டுடியோக்களும் தொலைபேசித் தொழில்நுட்பத்திலிருந்தே கிளைத்ததால் அந்த எண்ணையும் சுமந்துகொண்டு வந்தன. 600 ஓமில் 1 மில்லிவாட் செலவாக 0.775 வோல்ட் வேண்டும். இன்றைக்கும் ஸ்டுடியோ கருவிகளில் டிபியு அளவின் பூஜ்யம் அதே 0.775 வோல்ட்தான்! பேயர் நிறுவனம் 1937-ல் கொண்டுவந்த டிடி 48-தான் முதல் டைனமிக் ஹெட்ஃபோன், அதாவது காந்தமும் கம்பிச்சுருளும் சவ்வும் கொண்ட, இன்று நாம் காதில் மாட்டும் வகை. அதே கம்பெனி டிடி 880-ஐ 32, 250, 600 ஓம் என்று மூன்று விதமாக விற்றது. உருவம் ஒன்று, ஜாதகம் மூன்று.

வீட்டுக்குள் ஹெட்ஃபோன் வந்த கதைக்கு 1958-ஐச் சொல்வார்கள். அமெரிக்காவின் மில்வாக்கியில் ஜான் காஸ் கையில் எடுத்துச் செல்லும் ஒரு கிராமஃபோன் பெட்டியைச் சந்தைப்படுத்தப் பார்த்தார். அதோடு துணைக்கு எஸ்பி-3 என்ற ஸ்டீரியோ ஹெட்ஃபோன். பெட்டியை யாரும் சீண்டவில்லை, துணைக்கு வைத்ததைக் கேட்டு வாங்கினார்கள். (மார்க்கெட்டிங் பாடத்தில் இதைச் சேர்த்தால் நாங்களும் தூங்காமல் இருப்போம்.) இதற்குப் பிறகு வீட்டு ஆம்ப்ளிஃபயர்களில் ஹெட்ஃபோன் துளை வழக்கமானது. ஆனால் பெரும்பாலான கம்பெனிகள் அதற்கென்று தனி சர்க்யூட் எதுவும் போடவில்லை. ஸ்பீக்கருக்குப் போகும் வெளியீட்டிலேயே நூறு, முந்நூறு ஓம் என்று ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டு வேலையை முடித்தார்கள். இந்தச் சிக்கனம்தான் பிற்பாடு பெரிய தலைவலி ஆனது. 1996-ல் வந்த சர்வதேசத் தரநிலையே 120 ஓம் என்று எழுதிவைத்தது.

1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் எச்டி 414-ஐ வெளியிட்டது. மஞ்சள் பஞ்சு வைத்த, வெளிக்காற்று புகும் 'ஓப்பன்' வகை. இம்பீடன்ஸ் 2000 ஓம். இதற்கு முன்னால் 120 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? யானைக்கு முன்னால் எலி. எதில் செருகினாலும் ஒரே மாதிரி கேட்டது, கோடிக்கும் மேல் விற்றது என்கிறார்கள்.

அப்புறம் 1979, சோனி வாக்மேன். இங்கேதான் ஜாதகம் மொத்தமாக மாறுகிறது. இரண்டு பென்சில் பேட்டரி, மொத்தம் 3 வோல்ட். அதிலிருந்து உச்சபட்சமாக 1 வோல்ட் சிக்னல் எடுக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வோல்ட்டை வர்க்கப்படுத்தி ஓமால் வகுத்தால் சக்தி. 2000 ஓமுக்குக் கிடைப்பது அரை மில்லிவாட். 32 ஓமுக்கு 31 மில்லிவாட், அறுபது மடங்குக்கு மேல். ஆக பாக்கெட்டில் போகும் பாட்டுக்குச் சின்ன ஓம்தான் சரி. உலகம் இரண்டாகப் பிரிந்தது. கையில் எடுத்துப் போகிறவை 16, 32 ஓமுக்கு இறங்கின. ஸ்டுடியோவுக்கும் வீட்டுக்கும் ஆனவை 250, 300, 600 ஓமிலேயே நின்றன.

இந்தப் பிரிவினையின் நடுவில்தான் தனி ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் என்ற பண்டம் பிறந்தது. 1992-ல் டைல் ஹெர்ட்சன்ஸ் மொன்டானாவில் ஹெட்ரூம் என்ற கம்பெனியை இதற்கென்றே தொடங்கினார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சூ மோய் என்பவர் ஒரு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப் வரைபடத்தை வெளியிட, உலகம் முழுக்கப் பையன்கள் அதைப் பெப்பர்மின்ட் மிட்டாய் டப்பாவுக்குள் அடைத்துச் செய்தார்கள். மறுமுனையில், 1991-ல் சென்ஹைசர் 'ஆர்ஃபியஸ்' என்ற பெயரில் ஹெட்ஃபோனையும் அதன் வால்வு ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்தே விற்றது. 300 செட் மட்டும். பொருத்தம் பார்க்கும் கவலையே வேண்டாம், சொத்தை மட்டும் விற்றால் போதும் :-)

சரி, அந்த ரெசிஸ்டர் ஏன் தலைவலி? ஹெட்ஃபோனின் ஓம் எல்லா சுருதியிலும் ஒன்றல்ல. 1997-ல் வந்த எச்டி 600-ஐ 300 ஓம் என்கிறோம், ஆனால் கீழே பேஸ் பகுதியில் அது சுமார் 500-க்கு ஏறும். 120 ஓம் வெளியீட்டில் செருகினால் வோல்ட்டேஜ் பங்கீட்டுக் கணக்குப்படி அந்த இடத்தில் 1 டெசிபெல் கூடும். கொஞ்சம் 'கதகதப்பாக' இருக்கும். வால்வு ஆம்ப்பில் இந்த ஹெட்ஃபோன் உருகுகிறது என்று கவிதை எழுதுகிறார்களே, அதில் ஒரு பங்கு இந்த வகுத்தல் கணக்குதான். அதே வெளியீட்டில், 32 ஓமிலிருந்து 64-க்கு ஏறும் ஒரு ஹெட்ஃபோனைச் செருகினால் வித்தியாசம் 4 டெசிபெல்லைத் தாண்டும். அது கதகதப்பு அல்ல, காய்ச்சல். வெளியீடு 1 ஓமாக இருந்தால் அதே வித்தியாசம் 0.13-தான்.

இதை 2011-ல் உரக்கச் சொன்னவர் பெயர் தெரியாத ஒரு பொறியாளர். என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் எழுதினார். ஆம்ப்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ், ஹெட்ஃபோனுடையதில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது அவர் பரப்பிய விதி. சொன்னதோடு நிற்காமல் ஓ2 என்ற ஆம்ப்பை வடிவமைத்து, அளந்த எண்களோடு வரைபடத்தை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். விலையுயர்ந்த பெட்டிகளோடு அது அளவீட்டில் மல்லுக்கு நின்றது. 2012-ல் எழுதுவதை நிறுத்தினார். ஆள் யார் என்று வெளியே தெரியவே இல்லை. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் நிஜ ஹீரோ அவர்தான்.

ஓம் மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம் என்பதற்கு ஹைஃபைமேன் எச்இ-6 சாட்சி. 50 ஓம்தான். ஆனால் 1 மில்லிவாட்டுக்கு அது தரும் சத்தம் 83.5 டெசிபெல், 300 ஓம் எச்டி 600 தருவது 97. அந்த இடைவெளியை நிரப்ப இருபது மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரிலேயே இதைக் கட்டிவிட்டவர்கள் உண்டு. எச்டி 600-க்கோ, 1 வோல்ட் தரும் விரல் நீள டாங்கிளே 102 டெசிபெல் எழுப்பிவிடும். காது வலிக்கும்.

பழக்குவது பற்றி. ஸ்பீக்கர்களில் இது பொய்யல்ல. கூம்பைப் பிடித்து நிற்கும் மடிப்புத் துணி புதிதில் விறைப்பாக இருந்து, ஓட ஓட இளகும். அளந்தால் தெரியும். ஆனால் சாதாரண ஹெட்ஃபோனுக்குள் அந்தத் துணியே இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு, மில்லிமீட்டரில் ஒரு துளி அசைவு. ஸ்பீக்கர் வீட்டு வழக்கத்தை இங்கே அப்படியே கொண்டுவந்துவிட்டார்கள்.

மேலே சொன்ன ஹெர்ட்சன்ஸே 2011-ல் ஏகேஜி க்யூ701-ஐ நாள்கணக்கில் ஓடவிட்டு அளந்தார். மாற்றம் இருந்தது, ஆனால் மிகச் சிறியது. தலையில் ஹெட்ஃபோனைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாலே அதைவிடப் பெரிய மாற்றம் வரும். பிறகு பழகியதையும் புதியதையும் பார்க்காமல் கேட்டுப் பெரும்பாலும் சரியாகவே அடையாளம் சொன்னார். நியாயமாகப் பார்த்தால் இது பழக்குவோர் கட்சிக்கு ஒரு மார்க். ஆனால் அவை இரண்டு வெவ்வேறு பீஸ்கள். ஒரே மாடலில் இரண்டு பீஸ் அச்சாக ஒன்றாக இருப்பதில்லை என்பதால் நான் அரை மார்க்தான் போடுவேன்.

நிச்சயமாக மாறும் பொருள்கள் இரண்டு. காது மெத்தை அமுங்கும், தலைப்பட்டி தளரும். மூன்றாவதும் ஒன்று உண்டு: கேட்கிற ஆள். 1998-ல் நெதர்லாந்தில் ஹாஃப்மனும் சகாக்களும் சிலரின் காது மடலுக்குள் அச்சு வைத்து, காதின் வடிவத்தையே மாற்றினார்கள். சத்தம் மேலிருந்து வருகிறதா கீழிருந்தா என்பதே அவர்களுக்குக் குழம்பியது. சில வாரங்களில் புதுக்காது பழகிவிட்டது. அச்சை எடுத்ததும் பழைய காதும் உடனே வேலை செய்தது! மூளை இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறது. 200 மணி நேரத்தில் பழகுவது யார் என்ற சந்தேகம் எனக்கு இதைப் படித்த பிறகுதான் வலுத்தது.

என் வகுப்பு நண்பன் ஒருவன் ஒரு வருஷ ட்யூஷன் பணத்தில் 300 ஓம் ஹெட்ஃபோன் வாங்கினான். கடையில் திருப்பித் தரக் கெடு 10 நாள். 200 மணி நேரம் என்றால் இரவு பகலாக ஓடினாலும் 8 நாள் 8 மணி நேரம். பிறகு கேட்டுப் பார்த்து, பிடிக்கவில்லை என்று முடிவெடுக்க மிஞ்சுவது இரண்டு நாள்கூட இல்லை. இதைப் பேப்பரில் போட்டுக் காட்டினேன். அவன் அன்றைக்கே டாங்கிளில் செருகிக் கேட்டான், தினமும் கேட்டான், ஆம்ப் வாங்கும் யோசனையையும் கைவிட்டான். ஏழாம் நாள் ஹெட்ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு மாடல் எடுத்துக்கொண்டான். சத்தத்தில் ஒரு குறையும் சொல்லவில்லை. புதுத் தலைப்பட்டி கண்ணாடிக் காம்பை அழுத்தி, காதுக்கு மேலே புண்ணாகிவிட்டதாம்.