சீனர்கள் ஆங்கிலச் சொற்களைப் பாடமாக்கிய கதை

சீன மாணவர்களிடையே ஒரு பழைய பகிடி இருக்கிறது. அகரவரிசையில் தொகுத்த ஆங்கிலச் சொற்பட்டியல்களில் ஏறக்குறைய முதலில் வரும் சொல் 'அபண்டன்'. 'கைவிடு' என்பது அதன் பொருள். புத்தகத்தை வாங்குபவர்களில் அநேகர் அந்த ஒரு சொல்லைப் பாடமாக்கி, அதன்படியே நடந்தும் விடுவார்களாம்.

"எங்கட பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் ஏறாது சேர்" என்று பெற்றோர் கூட்டங்களில் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1757 முதல் ஐரோப்பியக் கப்பல்கள் சீனாவில் கான்டன் என்ற ஒரே துறைமுகத்தில்தான் வியாபாரம் செய்யலாம் என்று பேரரசர் கட்டளையிட்டார். வெளிநாட்டவருக்குச் சீனம் கற்பிப்பதும் ஆபத்தான காரியம். 1759இல் ஜேம்ஸ் பிளின்ட் என்ற ஆங்கிலேயர் சீன மொழியில் மனுக் கொடுத்ததற்காக மூன்று வருடம் சிறையில் கிடந்தார். அந்த மனுவை எழுத உதவிய சீனருக்கோ மரண தண்டனை.

ஆகவே மொழியைக் கற்கும் பாரம் கான்டன் கடைக்காரர்களின் தலையில் விழுந்தது. அவர்கள் பாடசாலைக்குப் போகவில்லை. 'சிவந்த மயிர்க்காரரின் பேச்சு' என்ற பொருள்படும் தலைப்பில் மலிவு விலைச் சிறு நூல்கள் தெருவில் விற்றன. அவற்றில் சில நூறு சொற்கள் இருக்கும். சீனச் சொல்லுக்குக் கீழே அதன் ஆங்கில உச்சரிப்பைச் சீன எழுத்துகளாலேயே எழுதியிருப்பார்கள், ஆங்கில எழுத்து ஒன்றும் இராது. நமது பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதி வைத்தால் நாம் ஏசுகிறோமே, அதே வேலைதான். அதை வைத்துக்கொண்டு தேயிலையும் பட்டும் உலகம் முழுக்கப் போயின.

வியாபாரத்துக்கு அது போதும். ஆனால் ஒப்பந்தம் எழுத அது போதாது என்பதை யுத்தத்தில் தோற்ற பிறகுதான் சீனா கண்டது. 1858ஆம் ஆண்டு தியன்ஜின் உடன்படிக்கையில் பிரித்தானியா ஒரு நிபந்தனை சேர்த்தது: பொருளில் பிணக்கு வந்தால் ஆங்கிலப் பிரதியே சரியானது. கையெழுத்திடுபவருக்கு வாசிக்கத் தெரியாத பிரதி! நான்கு வருடம் கழித்து, 1862இல், பீஜிங்கில் 'தொங்வென் குவான்' என்ற அரச மொழிப் பாடசாலை திறக்கப்பட்டது. அந்நியரிடம் படிப்பது அவமானம் என்று பெரிய அறிஞர்கள் எதிர்த்தார்கள். பிற்காலத்தில் அங்கே படித்தவர்களே குவாங்சூ பேரரசருக்கு ஆங்கிலம் கற்பித்தார்கள்.

சரி, சீனம் பேசுபவருக்கு ஆங்கிலத்தின் உயர்நிலைச் சொற்கள் ஏன் அவ்வளவு கடினம்? சீனத்தில் பெரிய சொற்கள் சின்னச் சொற்களால் கட்டப்பட்டவை. 'நுரையீரல்', 'அழற்சி' இரண்டையும் சேர்த்தால் நியூமோனியா. 'மின்சாரம்', 'மூளை' சேர்ந்தால் கம்ப்யூட்டர். நம்மைப் போலவே மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலத்திலோ கௌவுக்கும் பீஃபுக்கும் காது கேட்க ஒரு தொடர்பும் இல்லை. சாதாரணச் சொல் பழைய ஆங்கிலத்திலிருந்தும், மேசைச் சொல் பிரெஞ்சிலிருந்தும், வைத்தியச் சொல் கிரேக்கத்திலிருந்தும் வந்தவை. பிரெஞ்சுப் பிள்ளைக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். சீனப் பிள்ளை ஒவ்வொன்றையும் புதிதாகச் சுமக்க வேண்டும்.

1949க்குப் பின் கொஞ்சக் காலம் ரஷ்ய மொழிக்கே முதலிடம். கலாசாரப் புரட்சியின் போது பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையே நின்றுபோய் 1977இல்தான் மீண்டும் வந்தது. 1982இல் பிபிசியின் 'ஃபாலோ மீ' பாடங்களைச் சீனத் தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது கோடிக்கணக்கானோர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

அந்தத் தலைமுறையில் ஒருவர் யூ மின்ஹொங். கிராமத்துப் பையன். நுழைவுப் பரீட்சையில் இரண்டு தடவை தவறி, 1980இல் பீஜிங் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து, அங்கேயே ஆங்கில ஆசிரியரானார். வெளியே டியூஷன் எடுத்ததற்காகப் பல்கலைக்கழகம் அவரைத் தண்டித்தது (சிரிக்காதீர்கள் சக ஆசிரியர்களே). வேலையை விட்டு 1993இல் 'நியூ ஓரியன்டல்' நிறுவனத்தைத் தொடங்கினார். அமெரிக்க மேற்படிப்புக்கான ஜிஆர்ஈ பரீட்சைக்கு அவர் தொகுத்த சொற்புத்தகம் சிவப்பு அட்டை போட்டது. மாணவர்கள் அதைச் 'சிவப்புப் புத்தகம்' என்றே அழைத்தார்கள்.

பாடமாக்க இரண்டு வழிகள் பரவின. ஒன்று ஒலியைப் பிடிப்பது. 'இகொனமி' என்பதை 'யிகாவ் நொங்மின்' என்று சீனமாக்குவார்கள்: விவசாயிகளை நம்பியிரு. 'ஆம்புலன்ஸ்' அவர்கள் வாயில் 'ஆன் பு நெங் ஸு' ஆகும்: நான் சாகக் கூடாது! 'பெஸ்ட்' என்ற பூச்சிக்கு 'பாய் ஸு தா', அதாவது அடித்துக் கொல். ஒரு தடவை கேட்டால் மறக்காது, ஆனால் உச்சரிப்பு நாசம்.

எனக்குப் பிடித்தது மற்ற வழி, சொல்லின் வேரைப் பிடிப்பது. சீன எழுத்தில் ஆறு, ஏரி, கடல் எல்லாவற்றின் ஓரத்திலும் நீரைக் குறிக்கும் மூன்று கோடுகள் இருக்கும். அந்தக் கண்ணோடு பார்த்தால் 'ஸ்பெக்ட்' என்ற லத்தீன் வேரும் அப்படி ஒரு அடையாளம்தான். பார்த்தல் என்று தெரிந்துவிட்டால் இன்ஸ்பெக்டர், ஸ்பெக்டேட்டர் எல்லாம் தானாக வரும். தம் மொழியில் ஏற்கெனவே இருந்த பழக்கத்தை ஆங்கிலத்துக்குள் கொண்டுபோனார்கள். பாடமாக்குவதை இழிவாகப் பேசுவோருடன் நான் உடன்படாதது இதனால்தான்.

குறை இல்லாமல் இல்லை. ஆயிரக்கணக்கான சொற்கள் தெரிந்தும் வாய் திறக்காதவர்களைச் சீனர்களே 'ஊமை ஆங்கிலம்' என்று கேலி செய்தார்கள். ஜிஆர்ஈயும் 2011இல் எதிர்ச்சொல் கேட்பதை நிறுத்தியதால், பாடமாக்கிய அபூர்வச் சொற்கள் பலவற்றுக்கு வேலை குறைந்தது.

2021இல் சீன அரசு தனியார் டியூஷனுக்குக் கடும் கட்டுப்பாடு போட்டது. யூவின் நிறுவனம் ஆயிரக்கணக்கான ஊழியர்களை நிறுத்திவிட்டு, இணையத்தில் நேரலையாக விவசாயப் பொருட்கள் விற்கத் தொடங்கியது. 2022 ஜூனில் அவர்களுடைய ஆங்கில ஆசிரியர் டொங் யூஹுய் கமராவுக்கு முன் மாட்டிறைச்சி விற்றபடியே, வெள்ளைப் பலகையில் ஆங்கிலச் சொற்களை எழுதி விளக்கினார். சில நாட்களில் நாடே அவரைப் பார்க்கத் தொடங்கியது.