பேட்டரி மீது விழுந்த பழி: ஒரு கவ்வியின் வரலாறு

காலையில் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை என்றாலும், ஓடிக்கொண்டிருந்த வண்டி சிக்னலில் அணைந்துபோனாலும் நம் நாட்டில் முதலில் குற்றம் சாட்டப்படுவது பேட்டரிதான். முன்மூடியைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. ஆனால் குறை பல நேரங்களில் பேட்டரிக்குள் இருப்பதில்லை. அதன் தலையிலுள்ள ஈய முனைக்கும், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்புக்கும் இடையே மெல்லிய படலமாகப் படிந்திருக்கிறது. இந்தச் சிறிய இடைவெளிக்கு நூறாண்டைக் கடந்த வரலாறு உண்டு.

தொடக்கக் கால மோட்டார் வாகனங்களுக்குப் பேட்டரி அவ்வளவு இன்றியமையாததாக இருக்கவில்லை. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் தீப்பொறிக்கான மின்சாரத்தை எஞ்சினின் ஃப்ளைவீலோடு சுழலும் மேக்னெட்டோவே தந்தது. எஞ்சினைக் கிளப்ப மனிதனின் கை இருந்தது. கைப்பிடி எதிர்த்துச் சுழன்று மணிக்கட்டை முறித்த நிகழ்வுகள் அன்று சாதாரணம். 1912ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் வந்ததும் நிலைமை மாறியது. ஸ்டார்ட்டர் மோட்டார் சில நொடிகள் மட்டுமே உழைத்தால் போதும். எனவே சிறிய மோட்டாரிலேயே அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைச் செலுத்தலாம் என்பதே அவர் கண்ட சூட்சுமம். கையின் வேலையைப் பேட்டரி ஏற்றுக்கொண்டது. கூடவே, நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கடத்த வேண்டிய பொறுப்பு ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்ட கவ்வியின் மேல் விழுந்தது.

அந்தப் பொறுப்பு எத்தகையது என்பதை எளிய கணக்கே காட்டும். 6 வோல்ட் வண்டியில் ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். இணைப்பில் ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால், அங்கேயே 2 வோல்ட் தொலைந்துபோகும். மோட்டாருக்கு மிஞ்சுவது 4. அதே ஆற்றலை 12 வோல்ட் வண்டி 100 ஆம்பியரிலேயே பெறுகிறது; அதே கெட்ட இணைப்பு அங்கே விழுங்குவது 1 வோல்ட்டைத்தான். ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு இழப்பு, மற்றொன்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறியதற்குப் பெரிய எஞ்சின்களைச் சுழற்ற வேண்டிய தேவையே முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது. மெல்லிய கம்பியையும் குறையுள்ள இணைப்பையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் தன்மை அந்த மாற்றத்தோடு கூடவே வந்தது.

இந்தியச் சாலைகளில் இவ்விரு மரபுகளும் சிறிது காலம் அருகருகே ஓடின. இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப் 6 வோல்ட் வண்டி. அந்த நிறுவனத்தின் ஜீப்புகளையே விடுதலைக்குப் பின் மகிந்திரா பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. மறுபுறம், 1950களின் பிற்பகுதியில் உத்தரபாராவிலிருந்து வெளிவந்த அம்பாசடர், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் 12 வோல்ட் அமைப்பைச் சுவீகரித்தது. 12 வோல்ட் என்பதால் தொல்லை தீர்ந்துவிடவில்லை. அக்காலக் கார்களில் மின்னூட்டம் தந்தது டைனமோ. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அதனால் போதிய மின்சாரம் தர இயலாது. அந்நேரத்தில் கட்-அவுட் பிரிந்துகொள்ள, தீப்பொறிக்கே பேட்டரியை நம்ப வேண்டும். கிளாம்பு தளர்ந்திருந்தால் நெடுஞ்சாலையில் நன்றாக ஓடிய வண்டி, நகரத்துக்குள் நுழைந்து வேகம் குறைந்ததும் மூச்சை விட்டுவிடும். ஓட்டுநர்கள் பலர் இதை எஞ்சின் சூடேறியதன் விளைவு என்றே எண்ணினர். அப்படி எண்ணியதில் வியப்பும் இல்லை.

படலம் உருவாகும் விதமும் எளியது. திறந்த மூடியுள்ள ஈய-அமிலப் பேட்டரி மின்னூட்டம் பெறும்போது வாயுக் குமிழிகள் வெடித்து, அமிலத் துளிகளை வெளியே தெறிக்கின்றன. அவை ஈயத்தின் மேல் வெண்மையான சல்ஃபேட்டாகவும், செம்புக் கம்பியின் மேல் நீலப்பச்சைப் பொடியாகவும் பூக்கின்றன. தண்ணீரை அளவுக்கு மேல் ஊற்றும் வழக்கமும் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றும் பூப்பை விரைவுபடுத்தின. பொடி கண்ணுக்குத் தெரியும். கிளாம்பின் உட்புறத்தில் ஒட்டிய படலமோ கழற்றினாலன்றித் தெரியாது.

இந்தக் குறையின் உண்மையான தந்திரம் வேறு. ஹாரன் சில ஆம்பியர்களையே கேட்கிறது. அதே கெட்ட இணைப்பு அந்தச் சிறு மின்னோட்டத்தை எவ்விதக் குறையுமின்றிக் கடத்திவிடும். ஹாரன் முழங்குகிறது, விளக்கு எரிகிறது, செல்ஃப் மட்டும் 'டக்' என்று ஓசையிட்டு நிற்கிறது. ஒருவர் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பழிக்கிறார், மற்றொருவர் பேட்டரியை. பழைய பட்டறைக்காரர்களிடம் மீட்டர் இல்லாதபோதும் இதைப் பிரித்தறியும் வழி இருந்தது. முகப்பு விளக்கை எரியவிட்டு செல்ஃபை அழுத்துவர். வெளிச்சம் மெல்ல மங்கினால் பேட்டரியில் சரக்கில்லை. சட்டென அணைந்தால் இணைப்பில் சந்தேகம். சில நொடி அழுத்தியபின் கிளாம்பைத் தொட்டுப் பார்ப்பர். எது சூடாக இருக்கிறதோ அதுவே திருடும் இடம். கொதிநீரும் சோடா உப்பும் கொண்டு கழுவி, தேய்த்து, இறுக்கி, மேலே வாஸலின் தடவிவிட்டால் வேலை முடிந்தது. வோல்ட்மீட்டரின் ஒரு முள்ளை ஈய முனையிலும் மறுமுள்ளைக் கிளாம்பிலும் வைத்து, செல்ஃப் சுழலும்போது அளப்பதே இன்றைய சோதனை, தத்துவம் ஒன்றுதான்.

அப்படியிருந்தும் தவறான நம்பிக்கை ஏன் நிலைத்தது? அது ஒவ்வொரு முறையும் பொய்ச் சான்று பெற்றுக்கொண்டே வந்தது. பேட்டரியைக் கழற்றிச் சார்ஜுக்குக் கொடுத்து, மறுநாள் கொண்டுவந்து பூட்டினால் வண்டி கிளம்பும். 'சார்ஜ் ஏறிற்று' என்பர். கழற்றியபோது சுரண்டப்பட்டதும், பூட்டியபோது இறுக்கப்பட்டதும் யார் கணக்கிலும் சேர்வதில்லை. புதுப் பேட்டரி வாங்கினாலும் இதே கதைதான். ஸ்பேனர் செய்த சிகிச்சைக்குப் பேட்டரி பெயர் வாங்கியது, பணமும் அதற்கே போயிற்று.

ஆல்டர்னேட்டர் வந்தபின் மெதுவான ஓட்டத்திலும் மின்னூட்டம் கிடைத்தது. அதே சமயம், ஓடும் வண்டியில் கிளாம்பு விலகினால் மின்னழுத்தம் ஒரு கணம் எகிறி மின்னணுப் பாகங்களையே எரித்துவிடும் அபாயமும் வந்தது. எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் இடையிலான எர்த் பட்டை துருப்பிடித்தால், இன்றைய கார் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பத்துப் பிழைகளைத் திரையில் காட்டும். கைப்பிடி போட்டுக் கிளப்பும் துளையோ இப்போது காரின் முகப்பில் இல்லை.

காலத்துக்கு முன்பே கழற்றப்படும் பேட்டரி எங்கே போகிறது என்பதுதான் இதில் கவலைக்குரியது. அதன் எடையில் பெரும்பங்கு ஈயம். உரிமமற்ற உருக்குக்கூடங்களில் அது திறந்தவெளியில் உருக்கப்படும்போது புகையும் கழிவும் சுற்றுப்புறக் குழந்தைகளின் இரத்தத்தில் சேர்கின்றன. உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவர், ஏறத்தாழ 80 கோடிப் பேர், கவலைக்குரிய அளவு ஈயத்தை இரத்தத்தில் சுமப்பதாக யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. முறைசாராப் பேட்டரி மறுசுழற்சியை அதன் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது. இந்தியாவில் பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் கடமையை 2001ஆம் ஆண்டின் விதிகள் விற்பனையாளர்கள் வரை கொண்டுசென்றன. 2022இல் வந்த விதிகள் உற்பத்தியாளரின் பொறுப்பை விரிவாக்கின. இரண்டும் பேட்டரி கழிவு என்று தீர்மானிக்கப்பட்ட பிறகே செயல்படத் தொடங்குபவை. அந்தத் தீர்மானம் இன்றும் வண்டி நின்ற இடத்தில், பெரும்பாலும் கிளாம்பைக் கழற்றிப் பார்க்காமலே எடுக்கப்படுகிறது.