வீட்டை இடிக்கப் போறீங்களா? ரப்பிஷுக்கும் ஒரு பிளான் வேணும்.. விதிகள் சொல்வது என்ன?

பழைய வீட்டை இடிச்சுட்டு புதுசா கட்டலாம் என்று முடிவானதும் பட்ஜெட், வாஸ்து, வங்கிக் கடன் என எல்லாம் பேசுவார்கள். இடித்த ரப்பிஷ் எங்கே போகும் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. 'டிப்பர்காரர் பார்த்துப்பார்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவர் ராத்திரியில் ஏரிக்கரையிலோ கால்வாய் ஓரத்திலோ கொட்டிவிட்டுப் போனால், அடுத்த மழையில் தண்ணீர் தெருவுக்குள் வரும்.

விதி என்ன?

கட்டடக் கழிவுக்கென்றே தனி விதிகளை மத்திய அரசு 2016-ல் கொண்டு வந்தது. ஒரு நாளில் 20 டன் அல்லது ஒரு மாதத்தில் 300 டன்னுக்கு மேல் கழிவு வரும் என்றால், வேலை தொடங்கும் முன்பே அதற்கான திட்டத்தை உள்ளாட்சி அமைப்பிடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்றது. கழிவை கான்கிரீட், மண், செங்கல்-கலவை என்றும், இரும்பு-மரம்-பிளாஸ்டிக் என்றும் நான்காகப் பிரிக்கவும் சொன்னது. சின்ன வீடுதானே என்று தப்பிக்க முடியாது. ரோட்டிலோ வடிகாலிலோ கொட்ட யாருக்கும் அனுமதி இல்லை.

2025-ல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் அமலாகும் தேதி 2026 ஏப்ரல் 1. 20,000 சதுர மீட்டர் மற்றும் அதற்கு மேற்பட்ட பெரிய கட்டுமானங்களில், மறுசுழற்சிக்கான பொறுப்பும் கட்டுபவர் தலையில்தான்.

பிளான் எப்படிப் போடுவது?

இடிக்கும் வரிசைதான் முக்கியம். ஜேசிபியை நேராக உள்ளே விட்டால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும், அப்புறம் பிரிப்பது நடக்காத காரியம். முதலில் கதவு, ஜன்னல், ஒயர், குழாய்களைக் கழற்ற வேண்டும். இவற்றை பழைய சாமான் கடைக்காரர் காசு கொடுத்தே எடுத்துக்கொள்வார். கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்காமல் முழுசாக இறக்கணும். உடையும்போது பறக்கும் நார்த்தூசி நுரையீரலைப் பாதிக்கும். அதன் பிறகே சுவரும் கான்கிரீட்டும்.

மரத்துண்டும் பிளாஸ்டிக்கும் கலக்காத கான்கிரீட்டை உடைத்தால் அது மறுபடியும் ஜல்லி. ஐ.எஸ். 383 தரவிதிப்படி, கம்பி போடாத சாதா கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையும், எம்25 வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையும் இந்த ஜல்லியைச் சேர்க்கலாம். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவை மறுசுழற்சி செய்யும் ஆலைகள் உள்ளன.

புதுசா கட்டும்போதும் கழிவு வரும். கம்பி பெரும்பாலும் 12 மீட்டர் நீளத்தில்தான் வரும். எந்தத் தூணுக்கு எத்தனை அடி என்று மேஸ்திரியும் இன்ஜினியரும் முன்கூட்டியே பட்டியல் போட்டால் துண்டுக் கம்பி குறையும். சிமெண்டையும் மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டாம், மூணு மாசம் தாண்டினால் அதன் வலு குறைந்துவிடும்.

டிப்பர்காரரிடம் வாடகை பேசும்போதே கொட்டும் இடத்தையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ஒவ்வொரு லோடுக்கும் ஆலை தரும் எடைச்சீட்டைப் பார்த்த பிறகு பணம் கொடுக்கலாம்.