மனநிறைவு வேறு, பணித்திறன் வேறு: தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஊக்கம் குறித்து

ஆசிரியரின் ஊக்கத்துக்கும் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் நம் கல்வியியல் ஆய்வேடுகள் பலவும் ஒரே தடத்தில் செல்கின்றன. ஆசிரியர்களிடம் வினாநிரல் தரப்படுகிறது. முதல் பகுதியில் தம் ஊக்கத்துக்கும் அடுத்த பகுதியில் தம் பணித்திறனுக்கும் அவர்களே மதிப்பெண் இட்டுக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் நேர்மறை ஒட்டுறவு கிடைக்கிறது. தேர்வு எழுதியவரே விடைத்தாளையும் திருத்தினால் வேறென்ன கிடைக்கும்? பிள்ளைகள் கற்றார்களா என்பதைத் தனியே அளந்த ஆய்வுகளுக்கு வந்தால், அந்தத் தொடர்பு அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை.

இந்தோனேசியா 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சான்றளிப்புப் பெற்ற ஆசிரியர்களுக்கு அடிப்படை ஊதியத்துக்கு இணையான தொகையைக் கூடுதல் படியாக வழங்கியது. 360 பள்ளிகளில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு இதன் விளைவை அளந்தது. ஆசிரியர்களின் பணநெருக்கடி தணிந்தது, பக்கத்தொழில் பார்ப்பது குறைந்தது, மனநிறைவு கூடியது. மாணவர் கற்றலில் மட்டும் மாற்றம் இல்லை. ஊதியக் குறைவு மனக்குறையைத் தரும், அது தீர்வதாலேயே ஒருவர் கூடுதலாக உழைக்கத் தொடங்குவதில்லை என்று உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959இல் முன்வைத்த கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இதற்கு நேரெதிரானது கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஒன்றுபட்ட ஆந்திரத்தின் ஊரக அரசுத் தொடக்கப்பள்ளிகளில் நடத்திய ஆய்வு (2011). அங்கே மாணவர் மதிப்பெண் உயர்வைப் பொறுத்து ஆசிரியருக்கு ஊக்கத்தொகை தரப்பட்டது; சராசரியாக ஆண்டுச் சம்பளத்தில் 3 விழுக்காடுதான். இரண்டாண்டு முடிவில் கணிதத்தில் 0.27, மொழிப்பாடத்தில் 0.17 திட்டவிலக்க அளவு முன்னேற்றம். இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று: ஆசிரியர்கள் பள்ளிக்கு வராத நாள்கள் குறையவில்லை. வந்த நாள்களில் கூடுதல் வீட்டுப்பாடம் தந்தார்கள், பள்ளி நேரத்துக்கு அப்பாலும் வகுப்பெடுத்தார்கள், பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே கவனித்தார்கள். தொகை சிறிது, ஆனால் எந்த வேலை மதிக்கப்படுகிறது என்பதை அது சொல்லிவிட்டது. ஆகவே ஊக்கத்தின் அளவைக் காட்டிலும் அதன் திசையே பணித்திறனைத் தீர்மானிக்கிறது என்பது என் துணிபு.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2009 ஜூன் 1 முதல் பணியேற்ற இடைநிலை ஆசிரியர்களுக்கு அடிப்படை ஊதியம் 5,200 ரூபாய் என்றும், அதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு 8,370 ரூபாய் என்றும் நிர்ணயிக்கப்பட்டது. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுச் சென்னையில் பள்ளிக்கல்வித் துறையின் டிபிஐ வளாகத்தில் பலமுறை போராட்டம் நடந்தது இதனால்தான். இந்தோனேசிய முடிவைக் காட்டி இக்கோரிக்கையைத் தள்ளிவிட முடியாது. ஒரே பள்ளியில் ஒரே பாடம் நடத்தும் இருவரிடையே உள்ள வேறுபாடு நீதி சார்ந்தது. அதைக் களைவதற்குப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

பணித்திறன் பற்றிய கேள்விக்கு விடை ஈராசிரியர் பள்ளியில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். ஆனால் வகுப்புகள் ஐந்து. தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக் கூட்டத்துக்குப் போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்புக்கும் ஒற்றை ஆள். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கப்படுகிறார்கள். அரும்பு நிலைப் பிள்ளையிடம் அட்டையைக் கொடுத்து எழுத்தைக் கூட்டிப் படிக்க வைக்கும்போதே, எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை) செயலியில் வருகைப்பதிவு ஏறாமல் சுற்றிக்கொண்டிருக்கும். பதிவு ஏறாவிட்டால் மேலிருந்து அழைப்பு வரும். பிள்ளை எழுத்துக்கூட்டவில்லை என்று யாரும் உடனே அழைக்கப்போவதில்லை. இரண்டில் எதை முதலில் முடிக்க வேண்டும் என்பதை அந்த ஆசிரியருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. (தரவு தேவையில்லை என்று நான் வாதிடவில்லை, அதை ஆசிரியர்தான் ஏற்ற வேண்டுமா என்பதே கேள்வி.)

இந்த ஆசிரியரை அழைத்து ஊக்கமூட்டும் பயிற்சி நடத்துவது வீண்வேலை. அந்தப் பயிற்சி நாளிலும் அவருடைய பிள்ளைகள் ஆசிரியரின்றியே இருப்பார்கள். பதிவேற்றப் பணியைக் குறுவள மைய அளவில் ஒரு பணியாளரிடம் ஒப்படைத்து, ஈராசிரியர் பள்ளிகளுக்கு மூன்றாவது ஆசிரியரைத் தருவதே அரசு முதலில் செய்ய வேண்டியது. ஆய்வாளர்களும் இனி வினாநிரலை வகுக்குமுன், ஓர் ஆசிரியர் ஒரு வாரத்தில் பிள்ளைகளோடு செலவிடும் நேரத்தை வகுப்பறையிலேயே உட்கார்ந்து கணக்கெடுக்க வேண்டும்.